கொழும்பா, பேராதனையா

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
28.12.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை, ஆனாலும் இழுவைப் படகு வேலைக்குப் போய் வருகிறார். உங்கள் பாடு எப்படி? நத்தாருக்கு நீங்கள் வராததற்கு அம்மா அழவில்லை. பலகாரச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி டங்கென்று வைத்தா, அவ்வளவுதான். விளங்கிக்கொள்ளுங்கள்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. மூன்று ஏ, ஒரு பி. மருத்துவ பீடம் நிச்சயம் என்று சேர் சொல்கிறார். இப்போது பிரச்சினை எந்தப் பல்கலைக்கழகம் என்பது. கொழும்பா, பேராதனையா? ஏப்ரல் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். முதலாவது தெரிவாக எதைப் போடுகிறேனோ அதுதான் கிடைக்குமாம்.

என்னோடு படித்த றம்ஸியாவுக்கும் மருத்துவம் கிடைக்கும். அவளுடைய மாமா பாயிஸ் கண்டியில் துணிக்கடை வைத்திருக்கிறார். போன மாதம் அவரோடு பேராதனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பைத்தியம் பிடித்தவள் மாதிரி நிற்கிறாள். “புள்ள, ரோட்டு முழுக்க மரம். மழை விட்டுப் பத்து நிமிஷத்துக்குப் புறகுதான் நாம நனைவம்” என்கிறாள். இரண்டு பேரும் ஒரே விடுதியில் இருக்கலாமாம்.

நீங்கள் கொழும்பில் மூன்றாம் வருஷம். உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பது? நாலு கேள்வி. விடுதி கிடைக்குமா? நூலகம் எத்தனை மணிவரை? பின்னேரம் பெண்பிள்ளைகள் தனியே நடக்கலாமா? பஸ்ஸில் தமிழில் சத்தமாகக் கதைக்கலாமா? நாலாவதுக்கு முதலில் பதில் எழுதுங்கள்.

ஏன் டெலிபோன் கோல் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். கம்யூனிகேசன் கடையில் பக்கத்துக் கதிரையில் சிவில் உடுப்பில் ஒருவர் பேப்பர் வாசிக்கிறார். பக்கம் திருப்புவதே இல்லை.

உங்கள் அன்புத் தங்கை,
இன்பமலர்

*

கொழும்பு.
10.01.1998

அன்புள்ள இன்பத்துக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் மாதாவிடம் கேட்கிறேன். அப்பாவைப் புகையை விடச் சொல். அம்மாவின் சட்டியை நான் வந்து கழுவித் தருகிறேன் என்று சொல்.

மூன்று ஏ! இந்த வீட்டில் மூளை எல்லாம் உனக்குத்தான் போயிருக்கிறது. சந்தோஷத்தில் கன்ரீனில் மூன்று பேருக்கு ரீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். சும்மா என்றேன்.

கொழும்பைப் போடு. யோசிக்கவே தேவையில்லை. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. எல்லா நோயும் அங்கேதான் வரும், படிக்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும். முதல் வருஷம் விடுதி எடுக்கலாம். நூலகம் இருட்டும்வரை திறந்திருக்கும். பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனால் கடல் இருக்கிறது. நம்முடைய கடல் மாதிரி ஒடுங்கிக் கிடக்காது. பேராதனை அழகுதான். ஆனால் குளிர், ஏற்றம், இறக்கம், மழை பெய்தால் அட்டைக்கடி. றம்ஸியா அதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

பஸ்ஸில் இங்கே யாரும் கதைப்பதில்லை. எல்லாரும் நித்திரை.

நான் இருக்கிற வீட்டுக்கார மெர்சி அன்ரி நல்ல மனிசி. புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளிநாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டை அப்பம் சுடுவா. அவவோடு பூசைக்குப் போகிறேன், பாடற்குழுவிலும் சேர்த்துவிட்டா.

இனிமேல் கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போடவேண்டாம், பீடத்து விலாசத்துக்குப் போடு. உறையில் ஆங்கிலத்தில் எழுது. அனுப்புபவர் பெயர் வேண்டாம். அம்மா கருவாட்டுப் பார்சல் அனுப்பவேண்டாம் என்றும் சொல்.

அன்பு அண்ணன்,
ஹெக்டர்

*

திருகோணமலை.
19.01.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவின் இருமல் அப்படியே. அம்மாவும் நானும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறோம்.

நான் நாலு கேள்வி கேட்டேன். மூன்றுக்குப் பதில் தந்துவிட்டு, நாலாவதை நித்திரையாக்கிப் போட்டீர்கள். சின்ன வயதில் தேங்காய்ப்பூவைத் திருடித் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரிப்பீர்களே, அதே மாதிரி இருக்கிறது கடிதம்.

சல்லிக் கிராமத்திலிருந்து அம்மா வாங்கிவைத்த கருவாடு கிடக்கிறது. “அவனுக்குக் கருவாடு பிடிக்காமல் போச்சோ, இல்லை எங்களைப் பிடிக்காமல் போச்சோ?” என்று கேட்கிறா. நான் என்ன சொல்ல?

மற்றது, அந்தக் கோயிலில் தமிழ்ப் பூசை இல்லையா? நீங்கள் எந்தப் பாஷையில் பாடுகிறீர்கள்?

இங்கே போன செவ்வாய்க்கிழமை ஆமியின் சுற்றிவளைப்பு. எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதையும் மைதானத்தில் இருத்தினார்கள். சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் ஜீப்புக்குள் இருந்தான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்பா நடக்கும்போது இருமல் வந்துவிட்டது. அவர் குனிந்து இருமினார், தலையாட்டியின் தலையும் அசைந்த மாதிரி இருந்தது. பிறகு போகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தும் ஒருவரும் சாப்பிடவில்லை.

எனக்கு இதிலிருந்து வெளியே போக வேண்டும், அண்ணா. மரம், மழை என்று எழுதினேனே, அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் உண்மையில் எனக்கு வேண்டியது ஒன்றுதான். பின்னேரம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் நடக்க வேண்டும். பேராதனையில் வகுப்பு, விடுதி, நூலகம் எல்லாம் ஒரே வளவுக்குள் என்கிறாள் றம்ஸியா. அறை தேடி யாருடைய வீட்டுக் கதவையும் தட்டத் தேவையில்லை. அதனால் பேராதனை என்றுதான் மனம் சொல்கிறது.

பதில் உடனே எழுதுங்கள்.

இன்பம்

*

கொழும்பு.
29.01.1998

அன்புள்ள இன்பம்,

சுகமா? நான் சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்டியில் நடந்ததை ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். தலதா மாளிகை வாசலில் குண்டு. பேராதனைக்குக் கிட்டத்தான். இனி அந்தப் பக்கத்தைப் பற்றி யோசிக்காதே. அங்கே எங்களுடைய ஆட்களின் நிலைமை என்னவென்று யாருக்கும் தெரியாது. பெரிய வளவு, மரம், ஆறு என்று நீ போய் இருந்து, அதற்குள் அகப்பட்டால் எங்கே ஓடுவாய்? கொழும்பில் கூட்டம் இருக்கிறது. கூட்டத்துக்குள் ஒரு ஆள் தெரியமாட்டான். அதுதான் பாதுகாப்பு.

முதலாவது தெரிவு கொழும்பு. உனக்குக் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இடம் பார்க்கிறேன். வந்தபிறகு யார் கேட்டாலும் றோஸ் என்று சொல். ஞானஸ்நானப் பெயர்தானே, பொய்யில்லை. றோஸ் பேணாட். நல்லாய்த்தான் இருக்கிறது. இன்பமலர் வேண்டாம்.

அப்பாவைக் கவனி. ஆட்கள் கூடுகிற இடத்துக்கு அவரை விடாதே.

ஹெக்டர்

*

திருகோணமலை.
09.02.1998

அண்ணாவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பீடத்து விலாசம், ஆங்கில உறை, கருவாடு, பூசை, இப்போது றோஸ். நான் முட்டாள் இல்லை. மெர்சி அன்ரி உங்களைச் சிங்களப் பெடியன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா, அப்படித்தானே? ஹெக்டர் பேணாட் என்றால் யாருக்குத் தெரியும்! அப்பா துறைமுகத்தில் நேவிக்காரரோடு கதைத்துப் பழகிய சிங்களத்தை எங்களுக்கும் படிப்பித்தார். ஆமிச் சென்றியில் அடி விழாமல் இருக்கத்தான் படிப்பித்தார். அதை வைத்து நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் கொஞ்சம். தமிழ்ப் பெயருக்கு அறை இல்லை என்கிற ஊர் மேல் நிறைய.

ஆனால் கோபத்தை விடப் பயம்தான் கூட. வடக்கு, கிழக்கிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்களை அவ எப்படிப் பதிந்திருப்பா? பதிந்திருக்கவே மாட்டா. பொலிஸ் வீட்டுக்கு வந்து அடையாள அட்டையைக் கேட்டால்? கொழும்புக்காரரின் அட்டையில் சிங்களம் மட்டும்தான். எங்களுடையதில் தமிழும் சேர்ந்து இருக்கும். அதைக் காட்டின அந்த நிமிஷத்திலேயே, திருகோணமலைத் தமிழன் பெயரை மறைத்து ஒளித்திருக்கிறான் என்றுதானே சொல்வார்கள்?

கூட்டத்துக்குள் ஒரு ஆள் தெரியமாட்டான் என்று எழுதினீர்கள். தெரியாத ஆளைத்தான் அண்ணா அவர்கள் தேடுவது.

பாயிஸ் மாமாவிடமிருந்து செய்தி வந்தது. கண்டியில் கடைகளை ஒரு கிழமை பூட்டி வைத்தார்களாம். அவருடைய கடையில் வேலைக்கு நின்ற தமிழ்ப் பெடியன் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டானாம். றம்ஸியா முந்தி மாதிரிப் பகிடி விடுவதில்லை. “நான் போவன் புள்ள. நீ உன் அண்ணனைக் கேள்” என்கிறாள். எனக்கு இரண்டு ஊரும் பயம். விண்ணப்பம் அலுமாரிக்குள் கிடக்கிறது.

நாளைக்கே மெர்சி அன்ரியிடம் சொல்லுங்கள். சொல்லிப் பதியுங்கள். வீட்டை விட்டு எழுப்பினால் எழுப்பட்டும். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்பமலர்

*

கொழும்பு.
22.02.1998

அன்புள்ள இன்பமலர்,

நான் சுகம். நீ கோபமாய் இருந்தாலும் சுகமாய் இரு.

நீ சொன்னது எல்லாம் சரி. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. போன வருஷம் அறை தேடித் தெருத்தெருவாய் அலைந்தேன். திருகோணமலை என்றதும், “இப்பதான் ஒருத்தர் எடுத்துட்டார் தம்பி.” எல்லா வீட்டிலும் இப்பதான் ஒருத்தர் எடுத்தார். மெர்சி அன்ரி கதவைத் திறந்து, என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, “நீர்கொழும்பா, மகன்?” என்று சிங்களத்தில் கேட்டா. நீர்கொழும்பில் சிங்களக் கத்தோலிக்கர் கூடத்தானே. எனக்குக் களைப்பு. ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவ உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்ல நினைப்பேன். அவ அப்பத்தைத் தட்டில் வைப்பா. நான் சாப்பிடுவேன்.

மார்ச் நடுவில் பீடத்துச் சோதனை முடிகிறது. முடிந்த அன்றைக்கே சொல்லிவிடுவேன். சோதனைக்கு முதல் வீட்டை விட்டு எழுப்பினால் படிக்க இடமில்லை. ஒரு மாதம்தான். பயப்படாதே.

நீ மட்டும் கொழும்பைப் போடு. நீ வரும்போது நான் ஒழுங்காகப் பதிந்த ஆளாய் இருப்பேன்.

ஹெக்டர்

*

திருகோணமலை.
20.03.1998

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்ததா என்று தெரியவில்லை.

மருதானையில் குண்டு வெடித்து இரண்டு கிழமை. தமிழ் ஆட்களை லொறியில் ஏற்றுகிறார்கள் என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள். அப்பா கம்யூனிகேசன் கடைக்குப் போய் உங்கள் பீடத்துக்குக் கோல் எடுத்தார். அங்கே ஒருவர் சிங்களத்தில், “அவர் சோதனைக்கு வரவில்லையே” என்றாராம். அப்பா றிசீவரை வைத்துவிட்டு, பேப்பர் வாசிக்கிற அந்த ஆளிடமே, “மகனுக்குக் காய்ச்சல்” என்றாராம். யாரும் கேட்காமலே சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவ ஏசவில்லை. “அவன் அங்க வயிறாறச் சாப்பிட்டானா?” என்று மட்டும் கேட்டா.

ஒரு வரி போதும். யாரிடமாவது ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

இன்பம்

*

12.04.1998

அன்புள்ள அப்பா, அம்மா, இன்பம் மூவருக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். இங்கே சாப்பாடு தருகிறார்கள். மார்ச் ஏழாம் திகதி மெர்சி அன்ரி வீட்டில் பிடித்தார்கள். முதலில் பொலிஸில் வைத்திருந்தார்கள், இப்போது சிறைக்கு மாற்றியிருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது. இந்தக் கடிதத்தை வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆகவே நான் சுகம் என்று இன்னொரு முறை எழுதுகிறேன்.

எழுத்து கோணலாக இருக்கும். இங்கே மேசை இல்லை.

மெர்சி அன்ரியையும் ஒரு நாள் முழுவதும் பொலிஸ் நிலைய மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். வீட்டில் வெளி ஆள் யாருமில்லை, நீர்கொழும்புப் பெடியன் ஒருவன்தான் என்று அவ முன்பு சொல்லியிருந்தாவாம். அதற்கு அவவை ஏசினார்கள். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன்.

இன்பம், பேராதனையைப் போடு. இந்தப் பக்கம் வராதே. என்னைப் பார்க்கவும் வரவேண்டாம். இங்கே வருகிறவர்களின் பெயர், ஊர், படிப்பு எல்லாவற்றையும் எழுதி எடுக்கிறார்கள். உன் பெயர் அதில் விழக்கூடாது. அண்ணன் இல்லை என்று நினைத்துக்கொண்டு படி. அம்மாவுக்குத் தைரியம் சொல்.

ஹெக்டர்

*

திருகோணமலை.
29.04.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். அப்பா பஸ்ஸில் வரும்போது இருமவே இல்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாய் இருந்தது.

வரவேண்டாம் என்று எழுதினீர்கள், வந்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நாங்களும் சத்தம் போட்டதில் பாதி விளங்கவில்லை. அதனால் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். வாசித்துப் பார்ப்பவர்களும் பார்க்கட்டும்.

வாசலில் இருந்தவன் அப்பாவை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டான்.

“அவன் உனக்கு யார்?”

“அண்ணா.”

“என்ன செய்தவன்?”

“படிச்சவன்.”

அப்பா என் முழங்கையைக் கிள்ளினார். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீயும் படிக்கிறியா?” என்றான். ஓம் என்றேன். எழுதினான். தைரியமாய்ப் பதில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள், அண்ணா. வாய் தன்பாட்டில் சொன்னது.

மேசை இல்லாததால் எழுத்து கோணல் என்றீர்கள். கம்பியைப் பிடித்திருந்த உங்கள் வலது கை விரல்களைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அம்மாவிடம் “மெலிஞ்சிருக்கிறான்” என்று மட்டும் சொன்னோம்.

சிறைக்கு வர முதல் மெர்சி அன்ரி வீட்டுக்குப் போனோம். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கதைத்தா. அப்பா சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். அவ சொன்னா, “உண்மையைச் சொல்லியிருந்தா நான் அறை குடுத்திருப்பன்.” பிறகு சங்கிலியைத் தொட்டுப் பார்த்தா. “குடுத்திருக்க மாட்டன். தெரியாது” என்றா. உள்ளே போய் உங்கள் உடுப்புப் பையைச் சங்கிலிக்கு மேலால் தந்தா. எல்லாம் தோய்த்து மடித்திருந்தது. கும்பிட்டோம், கதவைச் சாத்திவிட்டா. எனக்கு அவ மேல் கோபம் வரவில்லை. அவ பட்ட பயமும் எங்களுடைய பயமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை.

இனி என் விஷயம். விண்ணப்பத்தை நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன்.

முதலாவது தெரிவு கொழும்பு.

எங்கே மரம் கூட, எங்கே நூலகம் பெரிது, எங்கே பின்னேரம் நடக்கலாம் என்று நாலு மாதமாய் யோசித்தேன். சேர் கூடப் பேராதனைதான் படிக்க அமைதியான இடம் என்றார். அமைதி நல்லதுதான். ஆனால் பேராதனையிலிருந்து உங்களைப் பார்க்க வருவதென்றால் ஒரு நாள் வகுப்பை விட்டு, இரண்டு மூன்று பஸ் மாறி வரவேண்டும். கொழும்பிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம் திரும்பிவிடலாம். அம்மாவும் அப்பாவும் ஒவ்வொரு முறையும் இத்தனை சென்றி தாண்டி வர ஏலாது. அவர்களுக்கு வயது போகிறது. யாராவது ஒருவர் உங்களுக்குக் கிட்ட இருக்க வேண்டும். வேறு பிள்ளைகள் காம்பஸைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். நான் சிறை எவ்வளவு தூரம் என்று பார்த்துத் தெரிவு செய்தேன். இப்படி ஒரு நாட்டில் டொக்டராகி யாருடைய காய்ச்சலைப் பார்க்கப் போகிறேனோ தெரியாது.

றம்ஸியாவிடம் சொன்னேன். “அப்ப நான் தனியப் போய் அந்த மரத்துக்குக் கீழ என்ன செய்யிற?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாள். பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

வராதே என்று இனி எழுதாதீர்கள். எழுதினாலும் வருவேன்.

உங்கள் சுகத்துக்கு அம்மா ஒவ்வொரு நாளும் மெழுகுதிரி கொளுத்துகிறா.

தங்கை,
இன்பமலர்

*

19.07.1998

அன்புள்ள இன்பம்,

நான் சுகம். அப்பாவின் இருமல், அம்மாவின் உடம்பு எல்லாம் எப்படி? உன் கடிதம் மே மாதமே கிடைத்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன்.

தெரிவை மாற்ற ஏலுமா என்று சேரிடம் ஒருக்கால் கேட்டுப் பார். ஏலாது என்றால் விடு.

காம்பஸ் தொடங்க அடுத்த வருஷம் ஆகும். நீ கொழும்புக்கு வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வராதே. அன்றைக்குக் கூட்டம், வெயிலில் நிற்க வேண்டும், ஒன்றும் கேளாது.

சனிக்கிழமை வா.

ஹெக்டர்